முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு

நம் வயதுக்காரர்களுக்குக் கேசட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றியிருக்கிறோம். முதுகிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் பதிவை அழிக்க முடியாது என்பதும், உடைத்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி அழிக்கலாம் என்பதும் நமக்குத் தெரியும். நண்பர்கள் கூடும் இடத்தில் யார் யாருக்குக் கேசட் பதிவு செய்து கொடுத்தோம் என்ற பேச்சு வந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறேன். நானும் ஒரு கேசட் செய்தேன். அதிலிருந்து ஒரு பாட்டை அழித்தேன். அதனால் ஒருவருக்குக் கிடைக்கவேண்டிய வேலை கிடைக்காமல் போயிற்று.

கர்நாடகத்தில் அப்போது இருந்த ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த கோடை அது. பெங்களூரில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். என் தோழியின் வீடு அந்தப் பக்கம், ஸ்ரீராம்புரத்தில். நடுவில் ஒரு பாலத்தடியில் நடக்க வேண்டும். தலை இடிக்காது என்று தெரிந்தும் எல்லோரும் குனிந்துதான் போவார்கள். அதைத் தாண்டினால் நெருக்கமான சந்துகள், வாசலோரம் நீலப் பிளாஸ்டிக் குடங்கள், நாலு வீட்டுக்கு ஒரு குழாய். தோழியின் வீடு ஒரே அறை. அந்த அறையில் மூன்று பொருட்கள்தான் துணி போட்டு மூடியிருக்கும்: தையல் மெஷின், இரட்டை டெக் உள்ள டேப் ரெக்கார்டர், ஒரு வயலின்.

வயலின் தோழியின் அப்பாவுடையது. பகலில் அவருக்கு மில்லில் வேலை. கணபதி பண்டிகையிலிருந்து நவம்பரில் வரும் கன்னட ராஜ்யோத்சவம் வரைக்கும் பேட்டைப் பந்தல்களில் அவருடைய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓய்வே இருக்காது. கன்னடம் பத்து, தமிழ் நாலு, ஹிந்தி ரெண்டு என்று கணக்கு. நான் அவரை வயலின் அங்கிள் என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார்.

அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் மெட்ராஸ் போய் ஒரு சினிமாப் பாட்டுக்கு வாசித்துவிட்டு வந்தவர். படத்தில் காதலர்கள் ஏரியைச் சுற்றி வருவதால் நாங்கள் அதை ஏரிப் பாட்டு என்போம். ரேடியோவில் அது வந்தால் சந்தில் நாலைந்து வீடுகளில் சத்தம் கூட்டுவார்கள். பால் ஊற்றுகிறவர் கூட, "சார், உங்க பாட்டு ஓடுது சார்" என்பார். "என் பாட்டு இல்லப்பா. பதினாலு வயலின்ல நான் ஒண்ணு. மூணாவது வரிசை" என்று அங்கிள் பதில் சொல்வார். சொல்லும்போதே சட்டைக் காலரைச் சரி செய்துகொள்வார்.

கேசட் யோசனை முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கியது. ஒரு நாள் ரேடியோவில் ஏதோ பாட்டு. அங்கிள் ஷேவிங் செய்துகொண்டே, "இந்தப் புல்லாங்குழல்காரர் மூச்சு எடுக்கிற இடத்தைக் கேளு. நேத்து சாயங்காலம் ஒரு பாட்டு வந்துச்சே, அதுலயும் இவர்தான்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு வேறு படம், வேறு பாடகர்கள், வேறு இசையமைப்பாளர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவர் இரண்டிலும் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் அந்த இரண்டாவது பாட்டில் தபேலா வாசித்தவர் மூன்றாவதாக ஒன்றில் இருப்பார். அதில் கிடார் வாசித்தவர் நான்காவதில். ஒரு பாட்டு அடுத்த பாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தொண்ணூறு நிமிடத்துக்கும் ஒரே சங்கிலி.

விதிகளை நான்தான் போட்டேன். ஒரு புது நோட்டில் கட்டம் கட்டி, பாட்டு, படம், இணைக்கும் ஆள், கருவி என்று நாலு பத்தி. தோழிக்கு விதிகளில் நம்பிக்கை கிடையாது.

"இந்தப் பாட்டுல அண்ணன் வாசிச்சாரு, அதுல தம்பி. சேத்துக்கலாம்டி" என்பாள்.

"ரெண்டும் வேற ஆள். வராது."

"ஒரே வீட்டுச் சோறு சாப்பிட்டவங்க. ஏன் வராது?"

"விதி."

"உங்க வீட்டுல இட்லிக்கும் விதி போட்டுத்தான் மாவு ஆட்டுவீங்களா?"

அவளுடைய அம்மா தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல் சிரிப்பார். அந்த அறையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாட்டுகளை மூன்று வழியில் சேர்த்தோம். கேசட் வாடகைக்கு விடும் கடை, அங்கிளின் ஆர்க்கெஸ்ட்ரா நண்பர்கள், ரேடியோ. ரேடியோவில் பிடிப்பதுதான் கஷ்டம். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் கணத்தில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். குக்கர் விசில், குழாயடிச் சண்டை எல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிடும். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்பின் தலையைத் துடைப்பேன். எந்தப் பாட்டு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கவுன்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். முதல் பக்கம் தமிழ், இரண்டாவது பக்கம் கன்னடம் என்று முடிவு செய்தோம். இரண்டு பக்கத்தையும் இணைக்க ஆள் தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கம் ஏரிப் பாட்டில் முடியும். இரண்டாவது பக்கம் பெங்களூரிலேயே பதிவான ஒரு கன்னடப் பக்திப் பாட்டில் தொடங்கும். அதன் அட்டையிலேயே வயலின் என்று அங்கிளின் பெயர் அச்சாகியிருந்தது. கேசட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் அவர் நிற்பார்.

ஏப்ரல் கடைசியில் மில்லை மூடினார்கள்.

அதே சமயத்தில் எங்கள் பள்ளியில் சங்கீத டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு அங்கிள் விண்ணப்பித்தார். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைக் கேட்டார்கள். அனுபவம் என்ற இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா, பக்திக் கேசட்டுகள், பிறகு மெட்ராஸில் ஏரிப் பாட்டு என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கட்டணம் கிடையாது. மில் இல்லாமல் அந்தக் கட்டணத்தைக் கட்ட வழியில்லை. அந்த வேலை கிடைத்தால்தான் ஜூனில் தோழி என்னோடு எட்டாம் வகுப்புக்கு வருவாள். எங்கள் இருவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

கேசட்டைத் தலைமையாசிரியைக்குக் கொடுக்கலாம் என்பது தோழியின் யோசனை.

"மில்லுல இருந்த ஆளுன்னுதான்டி பாப்பாங்க. அப்பா யார் யார் கூட எல்லாம் வாசிச்சிருக்காருன்னு இதைக் கேட்டா தெரிஞ்சிரும். நீ அட்டைல அழகா எழுதிக் குடு. நீயே போய்க் குடு. பொண்ணே குடுத்தா நல்லா இருக்காது."

நான் கேசட்டையும் நோட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். அவர் பார்த்து முத்திரை வைக்காமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவர் என் நோட்டு எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"ரொம்ப நீட்டா பண்ணியிருக்கே. இதெல்லாம் யார் சொன்னது?"

"வயலின் அங்கிள்."

"அவர் வாசிச்சதையும் அவரே சொன்னாரா?"

"ஆமா."

"செஞ்ச ஆளே செக் பண்ணினா அதுக்குப் பேர் இன்ஸ்பெக்ஷன் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சூடாயிற்று.

மெட்ராஸில் என் சித்தப்பா ஒருவர் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் ஆபீஸ் வேலையில் இருந்தார். அன்றே அவருக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். ஏரிப் பாட்டு அந்த ஸ்டுடியோவில்தான் பதிவானது என்று அங்கிளே சொல்லியிருந்தார். அந்தப் பாட்டுக்கு வயலின் வாசித்தவர்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டேன். தோழியிடம் சொல்லவில்லை. பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியல் என்றால் அட்டைக்கு இன்னும் மதிப்புக் கூடும், அவளுக்கு அது இன்ப அதிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. ஒன்று முதல் பதினான்கு வரை எண் போட்டு, சித்தப்பாவின் குண்டு எழுத்தில் பதினான்கு பெயர்கள். மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பெயராக நகர்த்திப் படித்தேன். அங்கிளின் பெயர் இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கே எழுதத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன். வருத்தம் வரவில்லை. ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வந்தது. அதன் கீழே இன்னொன்றும் இருந்தது. தோழியின் அப்பாவுக்கு ஒரு பாட்டு இருந்தது. என் அப்பாவுக்கு முத்திரைதான் இருந்தது. இப்போது அவருக்கும் பாட்டு இல்லை. இரண்டு வீடும் சமம்.

அப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். "பாத்தியா" என்றார். பிறகு, "எப்பவும் இப்படித்தான் இருக்கணும்" என்று என் தலையைத் தொட்டார். அம்மா மட்டும், "பாவம், அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்றார். எனக்கும் அப்பாவுக்கும் அது தேவையாகத் தோன்றவில்லை. பதிவேடே கையில் இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து இரட்டை டெக்கை வாங்கி வந்து, ஏரிப் பாட்டின் மேல் வேறொன்றைப் பதிந்து அதை அழித்தேன். கேசட்டின் பிளாஸ்டிக் துண்டை நானும் தோழியும் சேர்ந்து ஆளுக்கொன்றாக உடைத்திருந்தோம். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினேன். அந்த இடத்துக்கு வேறொரு பாட்டு வேண்டும். அதற்கு முந்தைய பாட்டோடும் அடுத்த பக்கத்தின் முதல் பாட்டோடும் பொருந்த வேண்டும். நோட்டைப் புரட்டியபோது ஒரு தபேலாக்காரர் அகப்பட்டார். அங்கிள் இல்லாமலேயே சங்கிலி சேர்ந்துகொண்டது. புதுப் பாட்டு பழையதைவிட மூன்று நொடிதான் குறைவு. பன்னிரண்டு வயதில் அப்படி ஒரு பாட்டைத் தேடிப் பிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அட்டையில் எல்லா இணைப்புகளையும் கறுப்பு மையில் எழுதி, கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் முன்பு சொன்ன வயலின்காரரின் பெயர் ஸ்டுடியோப் பதிவேட்டில் இல்லாததால் பாட்டு மாற்றப்பட்டது என்று. சித்தப்பாவின் பட்டியலைப் படி எடுத்து, மடித்துக் கேசட் பெட்டிக்குள் வைத்தேன். கேசட்டையும் நோட்டையும் தலைமையாசிரியையின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் குறிப்பு எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். விண்ணப்பத்தை எழுதியவளே நான்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். விடுமுறையில் வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. தலைமையாசிரியையின் அறையில் அங்கிள் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. தோழியின் அம்மா தைத்தது. காலரில் பவுடர் வாசனை. என்னைப் பார்த்ததும், "வா பாப்பா" என்றார். எனக்காகவும் வேலைக்காகவும் சேர்த்துச் சிரித்தார்.

தலைமையாசிரியை மைசூர்ப் பக்கத்துக்காரர். என்னிடம் கன்னடத்தில், அட்டையில் எழுதியிருப்பது நானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு அவரிடம் தனக்குத் தெரிந்த, கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"நீங்க எழுதினது ஒண்ணு. இந்தப் பொண்ணு கொண்டாந்தது ஒண்ணு. எது சரி, நீங்களே சொல்லிபிடி."

அங்கிள் பட்டியலை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். ஏழாவது பெயரில் விரல் நின்றது. தன் பெயரைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, அதனால் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். காகிதத்தை மடித்த கோட்டிலேயே மறுபடி மடித்து மேஜையில் வைத்தார்.

"லிஸ்ட்ல இல்லேன்னா இல்லதான் மேடம்."

"அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"பாப்பா மேல தப்பு இல்லீங்க. அது சரியாத்தான் பாத்திருக்கு" என்றார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, "அந்தக் கேசட்டையும் நோட்டையும் மட்டும் குடுத்துடுங்க மேடம். பசங்க கஷ்டப்பட்டுப் பண்ணது" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை தோழி எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கையில் என் நோட்டு.

"அப்பா போட்டுக் கேட்டாரு. ஏரிப் பாட்டு வர்ற இடத்துல வேற என்னமோ பாடுது. அது முடிஞ்சதும் எங்கப்பா பாட்டோட வாலு மட்டும் மூணு செகண்ட் கேக்குது. அழிக்கத்தான் நல்லாத் தெரியுமே உனக்கு, அதையும் அழிச்சிருக்கலாம் இல்ல?"

நான் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். அவள் நகரவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லியிருப்பேன்."

"அது ப்ரூஃப் இல்லையே."

இதை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் நோட்டைக் கேட்டின் மேல் வைத்தாள். "நீயும் உன் ப்ரூஃபும். போடி" என்று சொல்லிவிட்டுப் பாலத்தின் பக்கம் நடந்தாள்.

அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஜூனில் தோழி எங்கள் வகுப்புக்கு வரவில்லை. பாதைக்கு அந்தப் பக்கமே ஒரு அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அங்கிள் ஒரு துணிக் கிடங்கில் வாட்ச்மேனாகப் போனார். செய்தி எப்படியோ சந்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருமுறை ஏதோ வேலையாக அம்மாவோடு அந்தச் சந்து வழியே போனபோது ரேடியோவில் ஏரிப் பாட்டு. ஒரு வீட்டிலும் சத்தம் கூடவில்லை. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையை எட்டி ரேடியோவை அணைத்தார். இரக்கப்பட்டு அணைத்தாரா, கேலியாக அணைத்தாரா என்று தெரியவில்லை. நான் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அடுத்த வருடம் நாங்கள் வீடு மாறி ஊரின் மறுமுனைக்குப் போனோம். நோட்டு எங்கே போனதென்று தெரியாது.

நான் படித்து, வேலைக்கு வந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. அதில் நல்ல பெயரும் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கல்யாணம். பந்திக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தபோது சித்தப்பா பக்கத்தில் நின்றார். ஸ்டுடியோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். சும்மா பேச்சுக்காக, நான் ஒருமுறை வயலின் பட்டியல் கேட்டு எழுதியது ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"ஏன் இல்லாம? ரிஜிஸ்டரை எடுக்க தூசியில தும்மித் தீர்த்தேன்."

"அதுல ஒருத்தர் பேர் இல்லை சித்தப்பா. வாசிச்சேன்னு சொல்லிக்கிட்டிருந்தார்."

"இருக்காதே. ரிஜிஸ்டர்ல சேர் யாரோடதோ அவங்க பேர்தான் இருக்கும். உக்காந்தது யாருன்னு அதுல யார் எழுதறா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் ஒரு நாற்காலி உண்டு. உடம்பு சரியில்லை, வீட்டில் பிரசவம் என்று தொடர்ந்து வராமல் போனால் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும். அதனால் வர முடியாதவர் தனக்குத் தெரிந்த நல்ல கையாகப் பார்த்துத் தன் இடத்தில் உட்கார வைப்பார். வந்தவர் வாசித்துவிட்டு நாற்காலிக்காரரின் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஆட்களை அழைத்து வரும் இன்சார்ஜுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

"பாதிப் பேர் அப்படித்தான் வாசிச்சான். வெளியில சொன்னா நாற்காலிக்காரனுக்குச் சோறு போயிடும். அதனால வாயைத் திறக்க மாட்டான்."

"இதை அப்பவே எனக்கு ஏன் எழுதலை?"

"லிஸ்ட் கேட்டே, லிஸ்ட் குடுத்தேன். யார் வாசிச்சாங்கன்னா கேட்டே?" என்றார் சித்தப்பா. அதற்குள் இடம் காலியாயிற்று. சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் என்னென்ன விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. ஏழாவது பெயரில் நின்ற விரல் மட்டும் கண்ணில் இருந்தது. அவர் அங்கே தன் பெயரைத் தேடவில்லை. தன் நண்பரின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் அந்த நண்பரின் நாற்காலி போய்விடும். அதற்குப் பதில் தன் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

பெங்களூர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"தெரியும்" என்றார். "அவர் அந்த வாரமே என்னைத் தேடி ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். எல்லாம் சொன்னார்."

"நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே."

"அவர்தான் வேணாம்னார். பாப்பா சின்னப் பொண்ணு, மனசு கஷ்டப்படும், என்னைப் பத்தி நீங்க தப்பா நினைக்கக் கூடாதுன்னுதான் சொல்ல வந்தேன்னார்." செய்தித்தாளை இன்னொரு மடிப்பு மடித்தார். "அடுத்தவன் பேர்ல கையெழுத்துப் போட்டிருக்கார். அது மட்டும் சரியான்னு எனக்குத் தோணிச்சு. ஸ்கூல்ல போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை."

அப்பாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டார். நான் கறுப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

அங்கிளைப் பார்க்கப் போக எனக்கு இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. அதே சந்து, அதே வீடு, மேலே ஒரு மாடி எழும்பியிருந்தது. சொல்ல வேண்டியதை நாலு வரியாக ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கதவைத் திறந்தது தோழி. ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். கண்ணாடி போட்டிருந்தாள். அதை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நீயா? ஆடிட் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

உள்ளேயிருந்து, "யாருமா?" என்ற குரல். "நம்ம பாப்பாதான்" என்றாள், குரலை மாற்றாமல்.

அங்கிள் மெலிந்திருந்தார். பற்கள் சில போயிருந்தன. என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். சனிக்கிழமைகளில் நாலைந்து பேருக்கு வயலின் சொல்லித்தருகிறாராம். "எல்லாம் உங்க ஆளுங்கதான், சாஃப்ட்வேர். தந்தி மேல டைப் அடிக்கிறாங்க பாப்பா" என்று சிரித்தார். தோழியின் அம்மா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. தையல் மெஷின் மட்டும் துணி போட்டு மூடியபடி இருந்தது.

"அங்கிள், அந்த லிஸ்ட்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்குது, உடு. நான் ஒண்ணு கேக்குறேன். இந்தச் சந்துல இத்தனை வருஷம் உங்க பாட்டு, உங்க பாட்டுன்னாங்களே. அதுல நான் இன்னா வாசிச்சேன்னு ஒருத்தராச்சும் கேட்டிருப்பாங்கன்ற? நீ கேட்டியா?"

கேட்டதில்லை. நாலு பத்தி நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை.

வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். நீளமாக ஒரு சுரம், அதைவிடச் சற்று இறங்கி இன்னொன்று, மறுபடி இரண்டு. ஒரு பெரிய இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில் தலையை மட்டும் ஆட்டினார். அங்கே பாடகி பாடுகிறார் போலும். பிறகு மறுபடி அதே நாலு. கேட்டால் ஏரிப் பாட்டு என்றே சொல்ல முடியாது. ஒரு பாட்டு என்றுகூடத் தோன்றாது. சமையலறை வாசலில் தோழி கையில் டம்ளரோடு நின்றாள். அவள் உதடு சத்தமில்லாமல் அந்த இடைவெளிகளை நிரப்பிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

"இவ்ளோதான்" என்று வில்லைக் கீழே வைத்தார். "மூணாவது வரிசைக்கு இவ்ளோதான் குடுப்பாங்க."

காபி குடித்தேன். காகிதத்தை எடுக்கவில்லை. தோழி தெருமுனை வரை வந்தாள்.

"மன்னிப்புக் கேக்கத்தானே வந்தே? கேட்டியா?"

"அவர் விடலை."

"என்கிட்ட கேக்க யாரு விடலை?"

பையில் இருந்த நாலு வரியும் அவருக்கானவை. அவளுக்கென்று நான் ஒரு வரிகூட எழுதி வந்திருக்கவில்லை. என்னவோ சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். "சரி, ஆட்டோ வருது பாரு" என்றாள். மன்னித்தாளா என்று தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு கம்ப்யூட்டரில் ஏரிப் பாட்டைத் தேடிப் போட்டேன். ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது சரணத்துக்கு வந்தபோது, பாடகியின் குரலுக்கு வெகு கீழே, மற்ற வயலின்கள் மேலே ஓடிக்கொண்டிருக்க, அந்த நாலு சுரம் இருந்தது. சற்று இறங்கி இன்னொன்று, மறுபடி இரண்டு. உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். சரியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அவர் எதிரில் உட்கார்ந்து, தன் கையால் வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் வீடு வந்து அதைச் சரிபார்த்திருக்கிறேன்.